தாழ்ப்பாள் வரும்வரை பாடிக்கொண்டிருக்கவும்

அந்த வீட்டில் எல்லோரும் பாடகர்கள் என்று தெருவில் ஒரு பேச்சு. சாதாரணப் பாடகர்கள் இல்லையாம். தண்ணீரில் நின்றுகொண்டு சாதகம் பண்ணுகிறவர்களாம். பால் வண்டி வருகிற நேரத்தில் ஒரு கனத்த ஆண் குரல் ஆரம்பிக்குமாம், அது ஓய்ந்ததும் ஒரு பெண் குரல் எடுக்குமாம், அதற்குப் பின் இளசாக இன்னொரு குரலாம். "இப்படி ஒரு சங்கீதக் குடும்பம் நம்ம தெருவுலயே இருக்கறது நமக்கே தெரியாமப் போச்சு பாருங்க" என்று எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் உருகினார். பாட்டு நன்றாக இருக்குமா என்று கேட்டோம். கடையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார்.

கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டுப் போகிற ஆள் நாமில்லை. நேரில் போனோம். உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. காபி குடித்த கையைக் கழுவ வேண்டும் என்றோம். வீட்டம்மா ஒரு துண்டை எடுத்து நீட்டிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"உங்களுக்கு என்ன பாட்டு தெரியும்?"

அந்த வீட்டில் சங்கீதம் இல்லை, வாசகர்களே. தாழ்ப்பாள் இல்லை.

குளியலறைத் தாழ்ப்பாள் ஆறேழு வருஷத்துக்கு முன்னால் கழன்று விழுந்தது. வேறொன்று போடவில்லை. ஏன்? கையில் காசில்லையா? இருக்கிறது. கடை தூரமா? தெருமுனையில் இருக்கிறது. வீட்டுத் தலைவர் சோம்பேறியா? அபாண்டம்! அவர் நிரந்தரப் பிரியர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். அவ்வளவுதான் விஷயம்.

எதைச் செய்தாலும் என்றென்றைக்கும் நிற்கிறாற்போலச் செய்ய வேண்டும் என்ற கொள்கை காரணமாக எதையுமே செய்யாதிருப்பவர் நிரந்தரப் பிரியர். சோம்பேறியோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சோம்பேறி படுத்துத் தூங்கிவிடுவான். உலகத்துக்கு அவனால் தொல்லை கிடையாது. இவர் தூங்கமாட்டார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, அந்த வாளிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் காலத்திலும் ஒழுகாத கூரை எப்படி இருக்க வேண்டும் என்று வாளி நிரம்புகிற வரைக்கும் யோசிப்பார். நிரம்பியதும் மனைவியைக் கூப்பிடுவார்.

இவர் வீட்டில் மின்விசிறியின் சுவிட்சைப் போட ஒரு குச்சி வேண்டும். நாற்காலியின் நாலாவது கால் ஒரு செங்கல். கைக்கடிகாரம் நின்று வெகு காலமாகிறது. பேட்டரி மாற்றினால் அது மறுபடி தீர்ந்துபோகுமே என்ற கவலையில் மாற்றவில்லை, ஆனால் தினமும் தவறாமல் கட்டிக்கொண்டுதான் போகிறார். குடை வாங்கினால் கிழியும். ஆகவே நனைகிறார்.

அலுவலகத்தில் அவருக்கு 'நிரந்தரம்' என்றே பெயர். பாலங்கள் கட்டுகிற இலாகாவில் பொறியாளர். ஊருக்கு வெளியே வாய்க்காலின் குறுக்கே பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. 'தற்காலிகப் பாதை, மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு போர்டும் இருக்கிறது. அந்த போர்டு துருப்பிடித்து, வேறு போர்டு வைத்து, அதுவும் துருப்பிடித்துவிட்டது. அசல் பாலம் எப்போது வரும் என்று ஜனங்கள் மனுவோடு வந்தால், அவர்களை உட்கார வைத்துவிடுவார். கான்கிரீட்டின் ஆயுளைப் பற்றி அவர் சொல்கிற விளக்கத்தைக் கேட்டு, மனுவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இந்த விளக்கமெல்லாம் நடக்கிற அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. அதுவும் தற்காலிகம்தான்.

அந்தச் சொல்லின் மேல் அவருக்கு இருக்கிற பாசம் அலாதியானது. எல்லாச் சொல்லும் ஒன்றாகிவிடுமா என்பார். 'ரொம்ப நாளைக்கு' என்பது கடைக்காரன் பேச்சு. 'எப்பவும்' என்பது வாழ்த்து மடலில் எழுதுகிறது; எழுதினவனே மறுநாள் மறந்துவிடுவான். 'சாசுவதம்' என்பது மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களுக்கு உரியது. நட்டு, போல்ட்டு, சிமெண்ட்டு என்று வந்துவிட்டால் ஒரே சொல்தான். நிரந்தரம்! அதைச் சொல்லும்போது கையால் காற்றில் ஒரு சுவரைத் தட்டிக் காட்டுவார். எதிர்ச்சொல்லான 'தற்காலிகம்' அவருக்கு வசவு. ஒருதடவை பேருந்தில் சில்லறைத் தகராறு முற்றி, கண்டக்டரைப் பார்த்து, "போய்யா, தற்காலிகம்!" என்று கத்திவிட்டார். கண்டக்டர் மனம் புண்பட்டுப்போனார். அவர் வேலை உண்மையிலேயே தற்காலிகமாம்.

கல்லூரியில் படிக்கிற மகள் ஒருநாள் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நிரந்தரம்னா இடைவிடாமைன்னு போட்டிருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க இடைவிடாம சொல்றீங்கப்பா. அது போதும்னு அகராதிக்காரரே சொல்லிட்டாரு."

"போ, போய்க் குளி" என்றார் அப்பா. அவள் போனாள். பாட ஆரம்பித்தாள்.

பாட்டுக்கு வருவோம். அந்த வீட்டுச் சட்டம் எளிமையானது. உள்ளே இருப்பவர் ஓயாமல் சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் நின்றால் அறை காலி என்று அர்த்தம். வெளியே நிற்பவர் தள்ளிக்கொண்டு நுழையலாம். மூச்சு வாங்குகிற நேரம்கூட ஆபத்து. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனக வேண்டும். மகள் வேதியியல் பாடத்தை ராகம் போட்டுப் பாடுவாள். போன பரீட்சையில் தேறியதே குளித்ததால்தான். நிரந்தரம் பாடுவதில்லை, தான் வைக்கப்போகிற கதவைப் பற்றி உரையாற்றுவார். மாட்டிக்கொண்டவர் வீட்டம்மாதான்.

வீட்டம்மாவுக்குப் பாட்டு வராது. கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சொல்கிற சொற்களைத் தவிர வேறெதுவும் அவசரத்துக்கு வாயில் நிற்காது. ஆகவே அதையே இழுத்து இழுத்துப் பாடுவார்: "கண்ணை மூடி உக்காருங்க... மருந்து விட்டாச்சா... கொஞ்சம் பொறுங்க..." ஒருநாள் சோப்பு நுரையில், பழக்கதோஷம், "அடுத்தவங்க உள்ள வரலாம்..." என்று பாடிவிட்டார். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். நல்லவேளை, கணவர்.

இந்த வேடிக்கையெல்லாம் குடும்பத்தோடு போயிருந்தால் நாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. வீட்டம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததுதான் வினையாயிற்று.

அண்ணன் ஓய்வுபெற்ற நூலகர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை பேசுகிறவர்களைப் பார்த்து "உஷ்" என்று சொன்னவர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் உதட்டைவிட்டு முழுசாக இறங்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்ததும், வேலையில் உட்கார வைத்ததும், மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் விசாரணை போதவில்லை. 'நிரந்தர வேலையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்த மாப்பிள்ளையின் பதிலைப் பாதியில் நிறுத்தத்தான் கல்யாணத் தேதியே குறித்தார்கள் என்று மகள் சொல்வாள்.

தாழ்ப்பாள் விழுந்த புதிதில் அண்ணன் ஒருமுறை தங்க வந்தார். வீட்டுச் சட்டத்தைச் சொன்னார்கள். "நான் பாடறதா? குளிக்கும்போதா?" என்று கேட்டுவிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே போனார். பல் துலக்குகிற பிரஷ்ஷோடு நிரந்தரம் வந்தார். காதை வைத்துக் கேட்டார். நிசப்தம். தள்ளினார். உள்ளே அவர் என்ன கண்டார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. ஆனால் அந்த நிலையிலும் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்தது மன்னிப்பு இல்லை.

"ஒரு வரியாவது பாடியிருக்கலாமே மச்சான்!"

அண்ணன் தலையைக்கூடத் துவட்டவில்லை. பையை எடுத்தார். "இனிமே என்னைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். போய்விட்டார். என்றைக்கும் என்கிற சொல்லைப் பார்த்தீர்களா? வியாதி பெண் வீட்டிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

அப்படிப் போனவருக்கு, நாம் அந்த வீட்டில் காபி குடித்துவிட்டு வந்த பிறகு, இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடாகிவிட்டது. ஒரு கண்ணில் கட்டோடு ஒரு வாரம் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து விட வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிக்கொள்வதாக அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். தங்கை தொலைபேசியில் அழுதார், திட்டினார், சின்ன வயதுக் கதையெல்லாம் எடுத்தார். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார். பிறகு ஒரே கேள்வி.

"தாழ்ப்பா போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணா."

உள்ளே இல்லாத டாக்டரைப் பற்றி, 'இதோ வந்துட்டே இருக்கார், உக்காருங்க' என்று தினமும் சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் நாள் கணக்குப் போட்டார். அண்ணன் கிளம்புவதற்குள் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். இல்லாவிட்டால் இந்த முறை போகிறவர் திரும்பமாட்டார், அதுவும் கண்ணில் கட்டோடு போவார்.

"ஏங்க, ஒரே ஒரு தாழ்ப்பாள்" என்று கணவரிடம் ஆரம்பித்தார்.

நிரந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கெட்ட சகுனம்.

"போடலாம். எதுல போடுவ? நிலையில. நிலை உளுத்துப் போச்சு, ஸ்க்ரூ நிக்காது. நிலைய மாத்தணும்னா செவுத்த இடிக்கணும். இடிச்சா உள்ள குழாய் போகுது. பழைய இரும்புக் குழாய், தொட்டா உதிரும். அத்தனையையும் புதுசா போடணும். போட்டா தண்ணி எங்க போகும்? வெளிய. வெளிய சாக்கடை நம்ம தரையவிட உசரத்துல இருக்கு. மொதல்ல அத எறக்கணும். எறக்கணும்னா தெருவ வெட்டணும். தெரு நகராட்சியோடது."

"அப்போ?"

"நகராட்சி தெருவ வெட்டட்டும். மச்சான் நிம்மதியா குளிக்கலாம்."

"அண்ணன் நாளன்னைக்கு வர்றாருங்க!"

"அவசரப்பட்டா அது தற்காலிகமாயிடும்மா" என்றார் கணவர், மிகுந்த கனிவோடு.

மறுநாள் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, கணவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத் தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் கதவைத் தட்டிப் பார்த்தார், நிலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கொஞ்சம் மேல தள்ளி அடிச்சா நல்லாவே நிக்கும். கால் மணி நேர வேலைம்மா" என்றார். அந்தக் கால் மணி நேரத்துக்குள்தானா நிரந்தரம், மறந்துபோன கடிகாரத்தை எடுக்க வீட்டுக்கு வர வேண்டும்? அதுவும் ஓடாத கடிகாரத்தை!

"என்ன போடறீங்க?"

"தாழ்ப்பா சார்."

"எத்தனை நாளைக்கு?"

தச்சரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "போட்டா... கெடக்கும் சார்" என்றார்.

"கெடக்கும்னா? நிரந்தரமா கெடக்குமா?"

வீட்டம்மா இடையில் புகுந்தார். "அவரை வேலை செய்ய விடுங்க, சாமி!"

யார் விட்டது? நாற்காலி வந்தது, செங்கல் கால் நாற்காலியில் தச்சர் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். டீ வந்தது. நிரந்தரம் பென்சிலை எடுத்துச் சுவரிலேயே படம் போட ஆரம்பித்தார். தண்ணீர் பட்டால் ஊறாத மரம், துருவே ஏறாத கீல், நிலைக்கு அடியில் கல், கல்லுக்கு அடியில் கான்கிரீட். பேரன் குளிப்பான், பேரனுக்குப் பேரன் குளிப்பான், கதவு அசையாது. முதலில் கொட்டாவி விட்ட தச்சர் மெல்ல முன்னால் நகர்ந்தார். பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டார். "இங்க ஒரு பித்தளைப் பட்டை கொடுத்தா எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. சுவர் நிரம்பியது. இருவரும் எட்ட நின்று அதைப் பார்த்தார்கள்.

"இப்படி ஒரு கதவு செஞ்சிட்டா, அதுக்கப்புறம் நான் தொழிலையே விட்டுடலாம் சார்."

தாழ்ப்பாளைத் தச்சர் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது உங்க வீட்டுக்கே அவமானம்மா" என்று வீட்டம்மாவிடம் விளக்கினார்.

வீட்டம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, வரவேற்பு மேசைப் புன்னகையோடு, "அந்த கட்டிங் பிளேயரையாவது குடுத்துட்டுப் போங்க. காலையில தந்துடறேன்" என்றார். தச்சர் கனவில் நடப்பவர்போலப் பையிலிருந்து அந்தக் கம்பி முறுக்குகிற குறட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

துணிக்கொடியில் மிஞ்சின கம்பி ஒரு முழம் கிடந்தது. அதைக் கதவில் பழைய தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் நுழைத்து, குறட்டால் முறுக்கி, மறுமுனையை வளையமாக்கி, கதவோரச் சுவரில் துண்டு மாட்டுகிற கொக்கியில் மாட்டினார் வீட்டம்மா. இழுத்துப் பார்த்தார். கை விரலில் கீறல் பட்டதுதான் மிச்சம், கதவு அசையவில்லை. இதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்பியின் ஆயுள் பற்றி ஒரு கேள்வி வரும்.

அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். புரையின் வழியே எவ்வளவு தெரிந்ததோ. உள்ளே நுழைந்தார். அன்றைய பொழுது "உஷ்", "ம்" என்ற இரண்டு சொற்களில் கழிந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி.

விடிந்தது. அண்ணன் துண்டோடு குளியலறைக்குள் போனார். தங்கை அவர் விரலைப் பிடித்து, கம்பி வளையத்தைக் கொக்கியில் மாட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே வந்து, கதவுக்கு எதிரில் காவல் நின்றார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. ஓடினார்.

நிரந்தரம் பிரஷ்ஷோடு வந்தார். காதை வைத்துக் கேட்டார். நிசப்தம். தள்ளினார். கதவு திறக்கவில்லை!

இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு யாரையும் தடுத்ததில்லை. நிரந்தரத்துக்குப் புல்லரித்தது. "நிலை சரிஞ்சு கதவ அமுக்கிடுச்சு! நான் சொன்னேன், யாராவது கேட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே தோளைக் கொடுத்தார். கம்பி கிறீச்சிட்டது. மறுபடி தோள். உள்ளே தலை நிறையச் சோப்பும் கண் நிறையப் புரையுமாக ஒரு மனிதர், ஒரு கையால் துண்டையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளின் பெரிய முடிவை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார்.

பாடினார்.

ஆனால் எதைப் பாடுவார்? அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். தெருவே கேட்கிற குரலில், எந்த ராகத்திலும் அடங்காமல், நூலக விதிமுறைகள் வெடித்துக் கிளம்பின.

"புத்தகங்களின் ஓரத்தை மடிக்காதீ...ர்! எச்சில் தொட்டுப் புரட்டாதீ...ர்! அமைதி...! அமைதி...! அமைதி காக்கவு...ம்!"

நிரந்தரத்தின் தோள் அந்தரத்தில் நின்றது. பால் பாத்திரத்தோடு வீட்டம்மாவும், புத்தகத்தோடு மகளும் ஓடிவந்தார்கள். உள்ளே பாட்டு நிற்கவில்லை. தாமதக் கட்டண விதியையும் முடித்த பிறகே கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வந்தார். பை எங்கே என்று கேட்கப்போகிறார் என்று வீட்டம்மா நினைத்தார்.

"மாப்ளே" என்றார் அண்ணன், மூச்சு வாங்க. "இன்னொரு தடவ தள்ளினா, உறுப்பினர் சேர்க்கை விதியும் பாடுவேன்."

மகள் முதலில் சிரித்தாள். அண்ணன் அவளைப் பார்த்து விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தங்கையின் விரலில் இருந்த கீறலைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"இதப் போட்டது நீயா?"

"ஆமாண்ணா."

"எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?"

"நீங்க இருக்கற வரைக்கும் தாங்கும்ணா."

அண்ணன் தலையை ஆட்டினார். "அது போதும்மா. வா, நேரமாச்சு" என்றார். நிரந்தரம் மட்டும் கம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது சுத்தத் தற்காலிகம்" என்று முணுமுணுத்தார். பேருந்தில் கண்டக்டரிடம் சொன்ன அதே தொனி. யாரும் காதில் வாங்கவில்லை.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணன் ஒரு வாரத்துக்கு வந்தவர், ஒரு மாதம் இருந்தார். கம்பி இன்னும் இருக்கிறது. வீட்டம்மா இப்போது வாயே திறக்காமல் குளிக்கிறார். அது அவருக்குச் சொர்க்கம். நிரந்தரம் யாரையும் அந்தக் கம்பியைத் தொட விடுவதில்லை. அசல் கதவு வரப்போகிறது, அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும் என்கிறார்.

தச்சர்தான் அவ்வப்போது வருகிறார், அன்றைக்குக் கொடுத்த குறட்டைத் திருப்பிக் கேட்டு. வீட்டம்மா திருப்பிக் கொடுக்கத்தான் அதை எடுத்து வைத்தார். கணவர் பிடுங்கிக்கொண்டார். "வாங்கினத அப்படியே நீட்டறதா? பிடியில ரப்பர் தேஞ்சிருக்கு, வாய்ல துரு. நல்லா சரி பண்ணி, ஜென்மத்துக்கும் தேயாத மாதிரி ஒரேயடியா குடுப்போம்." தச்சரும் உட்கார்கிறார், டீ குடிக்கிறார், தேயாத குறடு பற்றிச் சுவரில் படம் போடுகிறார்கள், வெறுங்கையோடு போகிறார். வேறு வீடுகளில் ஆணி பிடுங்க நேர்ந்தால் பல்லைப் பயன்படுத்துகிறாராம். பல்லும் நிரந்தரமில்லையே என்று நிரந்தரம் கவலைப்படுகிறார்.

சிரித்தீர்களா? நல்லது. அப்படியே உங்கள் மேசையின் கடைசி இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அடியில் யாரிடமோ இரண்டு நிமிஷத்துக்கென்று வாங்கிய ஒன்று கிடக்கும். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். இப்போதே, இருக்கிறபடியே. 'இருக்கிறபடியேவா? துடைத்து, எண்ணெய் போட்டு, ஒரேயடியாக நன்றாகக் கொடுத்துவிடலாமே' என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதா?

கேட்டால், இழுப்பறையை மூடிவிட்டு வாசலுக்குப் போங்கள். தச்சர் நின்றுகொண்டிருப்பார். டீயாவது கொடுத்து அனுப்புங்கள்.